கழட்டிக் கொடுத்த கை

பஞ்சவர்ணம் பெரியார் நிலையத்துக்கே சீட்டு வாங்கிக்கொண்டாள். இறங்கப் போவது அங்கே இல்லை. எங்கே என்றுதான் அவளுக்கே தெரியவில்லை. பொம்பளைக்கு டவுன் பஸ்ஸில் காசா பணமா, கடைசி நிறுத்தத்தைச் சொல்லிவிட்டால் நடுவில் எங்கே இறங்கினாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை. அனுப்பானடியில் ஏறும்போது மணி அஞ்சே முக்கால். கைப்பைக்குள் மூன்று நோட்டீஸ். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் சிலம்பம், முனிச்சாலையில் ஒரு மாடியில் பாக்சிங், கீழவாசலில் பழைய கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் கராத்தே. மூன்றிலும் பெண்களுக்குத் தனி வகுப்பு, மூன்றிலும் வாரத்துக்கு ஒரு நாள், அவளுடைய வாரலீவன்றைக்கே, ஆறு மணிக்கு, மூன்றும் இந்த ஒரே பஸ் போகிற வழியில். அடியாத்தி, வைக்கிறதுதான் வைத்தார்களே, ஒன்றையாவது எதிர்த்திசையில் வைத்திருந்தால் ரெண்டில் ஒன்று என்று சுருங்கியிருக்குமே. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து படித்துப் படித்து மடிப்பெல்லாம் நைந்துவிட்டது. பயமின்றி வாழ என்று ஒன்றில் போட்டிருக்கிறது, தன்னம்பிக்கை என்று இன்னொன்றில், மூன்றாவதில் உடல் எடை குறையும் என்று. எடை குறைந்து என்ன செய்ய, அதான் கழுத்தில் கிடந்த அஞ்சு பவுன் குறைந்துவிட்டதே. இன்றைக்கு வாரலீவு. இன்றைக்குச் சேராவிட்டால் நாளைக்குக் காலையில் கடைக்குப் போய், நான் வேலையிலேர்ந்து நின்னுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் வீட்டில் பேச்சு. ஒண்ணாந் தேதியிலிருந்து ஆடித் தள்ளுபடி, ஜவுளிக்கடையில் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அதே ஒண்ணாந் தேதியிலிருந்து புருஷன் தனுஷ்கோடிக்குப் பஞ்சாலையில் நைட் ஷிப்டு. பன்னிரண்டு நாளாகப் பஸ் ஸ்டாப்பில் வண்டியோடு காத்து நின்று கூட்டிப்போகிற மனுசன் இனிமேல் வர முடியாது. மாவு மில் சந்துக்குள் அவள் ஒத்தையில்தான் நடக்க வேண்டும். முன்னூறு அடி இருக்குமா அந்தச் சந்து? பத்தொன்பது வருசம் அதில் நடந்தவள்தான், இப்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து கடக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்கிறாள். "நீ வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும், வீட்டுல இரு" என்று தனுஷ்கோடி சொன்னபோது அவள் வாயில் தானாக வந்தது, "நான் கத்துக்கிறேன்." "என்னத்த?" "சண்டை." அவன் சோற்றில் கை வைத்தபடியே சிரித்தான். "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா? நாப்பத்தோரு வயசுல காலத் தூக்கி யார ஒதைக்கப் போற? இடுப்பு புடிச்சுக்கிட்டா எண்ணெ தேய்க்கிறது யாரு, நானா?" சொல்லிவிட்டு, பாவம், அவனே ஒரு நோட்டீஸைத் தேடிக் கொண்டுவந்தும் கொடுத்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு உண்மை தெரியாது, அவ்வளவுதான்.

ஜன்னலோரம் கிடைத்தது. கிடைத்த கையோடு பக்கத்தில் வந்து விழுந்த ஒருத்தி, "நீங்க கொஞ்சம் இங்கிட்டு வர்றீங்களா, எனக்கு வாந்தி வரும்" என்றாள். பஞ்சவர்ணம் எழுந்து இடம் மாறிவிட்டாள். மாறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கும் ஜன்னல் வேண்டும் என்று நினைப்பு வந்தது. எப்போதும் இப்படித்தான், கை கால் முதலில் போய்விடும், நினைப்பு பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டு வரும். கடையில் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் சொன்ன ஒரே பாடம்: "கஸ்டமர் வாயத் தொறக்கும்போது ஒன் கை ராக்குல இருக்கணும்." பத்தொன்பது வருசம் அந்தக் கை சேலை ராக்கில்தான் இருந்தது. அந்த மாம்பழக் கலர எடு, எடுத்தாள். முந்தியக் காட்டு, விரித்தாள். இது வேணாம், அதுக்கு அடியில இருக்கே அது, எடுத்தாள். நூறு சேலையை விரித்துப் போட்டுவிட்டு வீட்டுல கேட்டுட்டு வர்றோம் என்று போனவர்களுக்கும் சிரித்துக்கொண்டே மடித்தாள். கை கெட்டிக்காரக் கை, கண்ணை மூடிக்கொண்டு பார்டர் மேலே தெரிகிற மாதிரி மடிக்கும். அன்றைக்கும் மடித்ததே. நினைக்காதே, அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் வந்து நடுவீட்டில் உட்காரும். அந்தச் சந்து, சாயங்காலம் ஆறரை மணி, வெளிச்சம்கூடப் போகவில்லை. மில் ஓடிக்கொண்டிருந்தது, மிளகாய் நெடி. எதிரில் ஒரு வண்டி வந்து குறுக்கே நின்றது. ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் இருந்தவன் போடவில்லை, இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு கையில் தண்ணீர்ப் பாக்கெட். மறு கை சும்மாதான் இருந்தது. கத்தி இல்லை, கட்டை இல்லை. பல்லால் பாக்கெட்டின் மூலையைக் கடித்துக்கொண்டே அவன் சொன்னான், "யக்கா, அதக் கழட்டுங்க." அவ்வளவுதான் சொன்னான். சேலை கேட்கிற மாதிரி. அவள் கை பிடரிக்குப் போனது. அந்தச் செயின் கொக்கி சனியன் பிடித்த கொக்கி, தனுஷ்கோடி பல்லால் கடித்தால்கூடத் திறக்காது, அன்றைக்கு ஒரே நெருடலில் திறந்துகொண்டது. கழட்டி, அப்படியே கொடுத்திருந்தாலாவது பரவாயில்லை. உள்ளங்கையில் வட்டமாகச் சுற்றி, தாலி மேலே தெரிகிற மாதிரி வைத்து, இந்தாங்க என்று நீட்டினாள். பார்டர் மேலே தெரிகிற மாதிரி! அவன் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றான். வண்டி போய்விட்டது. மில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தெப்பக்குளம் வந்துவிட்டது. பஸ் திரும்பும்போது பொட்டல் தெரிந்தது. ஏழெட்டுப் பொம்பளைகள், சுடிதார்மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியவர்கள், கம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் தனுஷ்கோடியோடு வந்து விசாரித்தபோது அங்கே ஒருவர் அவள் பக்கத்தில் ஒரு மூங்கில் கம்பை நிறுத்திப் பார்த்து, புருவ மட்டத்துக்கு விரலை வைத்து, "ஒங்களுக்கு இம்புட்டு" என்றார். தன் உயரத்துக்கென்று ஒரு கம்பு. அவளுக்கென்று அளந்து யாரும் எதையும் எடுத்ததில்லை, ஜாக்கெட்டைத் தவிர. இறங்கிவிடலாமா? இறங்கு, எழுந்திரு. ஆனால் அந்தக் கம்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா, காஞ்சிபுரம் ராக்குக்குப் பக்கத்தில் சாத்தி வைக்க முடியுமா? சரி, அதுகூட இருக்கட்டும். சந்தில் கம்போடு போகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி வந்து நிற்கிறது. பல்லால் பாக்கெட்டைக் கடித்துக்கொண்டு அவன் சொல்கிறான், யக்கா, அந்தக் கம்பக் குடுங்க. கொடுத்துவிடுவாளே! துடைத்துக்கூடக் கொடுப்பாள். பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல்காரி அரைக்கண்ணில் அவளைப் பார்த்தாள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பொட்டல் பின்னால் போய்விட்டது.

போகட்டும், இன்னும் ரெண்டு இருக்கிறது. கையை விரித்து மடியில் வைத்துப் பார்த்தாள். இந்தக் கையா? அன்றைக்கு வீட்டுப் படியேறுவதற்கு முன்னால் இதே கைதான் நகத்தால் அவள் கழுத்தைக் கீறியது. அதை நினைத்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. அறுத்துட்டாங்கன்னு சொல்லணும், அறுத்திருந்தால் காயம் இருக்கணும், இல்லையா? எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ! சத்தம் போட வராத பொம்பளைக்குப் பொய் மட்டும் எப்படி அத்தனை கச்சிதமாக வந்தது? ஸ்டேஷனில் ஏட்டம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "பின்னால வந்து அறுத்தாய்ங்களா? செயினு அந்த மொத்தத்துல இருந்தா கழுத்தே தொங்கியிருக்குமேம்மா, லேசாத்தான கீறியிருக்கு?" பஞ்சவர்ணம் முந்தியை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். "நீ சத்தம் போடலையா?" அதற்கும் முந்தியைத்தான் இழுத்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா எழுதிக்கொண்டார். தெருவில் எல்லாரும் வந்து தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு என்றார்கள். தனுஷ்கோடி ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளே மஞ்சள் கிழங்கை வாங்கி, கயிற்றில் கட்டி, அவனே கழுத்தில் போட்டுவிட்டு, "உயிரு இருந்தா ஒம்பது பவுன் வாங்கலாம்" என்றான். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான்தாங்க கழட்டிக் குடுத்தேன். வாய் வரைக்கும் வந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் என்பார்கள், அவள் கெட்டிக்காரிகூட இல்லை, பன்னிரண்டு நாளாக நிற்கிறது. கீறல்தான் நிற்கவில்லை, முந்தாநாள் பொருக்கு உதிர்ந்து, இப்போது தடவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. காயம் ஆறியதற்குப் பயந்த பொம்பளையை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

"இதக் கொஞ்சம் புடிங்க" என்று கம்பியைப் பிடித்து நின்றவள் ஒரு கட்டைப் பையை மடியில் இறக்கினாள். வாங்கிக்கொண்டாள். முருங்கைக்காய் மூக்கில் குத்தியது. முனிச்சாலை. மாடியில் நீல வெளிச்சம், ஜன்னல் வழியாக ஒரு மூட்டை தொங்கி ஆடுவது தெரிந்தது, யாரோ குத்துகிறார்கள், பஸ் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. பாக்சிங்தான் சரி என்று திடீரென்று பட்டது. ஏன் தெரியுமா? கையுறை. அந்தத் தலகாணி மாதிரி கையுறைக்குள் கையை விட்டுக் கட்டிவிட்டால் அந்தக் கையால் கொக்கியைக் கழட்ட முடியாது. ஒருத்தன் கேட்டாலும் முடியாது, ஊரே கேட்டாலும் முடியாது. ஆகா, இதல்லவா வித்தை! கையுறையோடு பஸ்ஸில் போவாள், கையுறையோடு சந்தில் நடப்பாள், கையுறையோடு சேலை காட்டுவாள். நீங்களே எடுத்துப் பாத்துக்கங்கம்மா, எனக்குக் கை இல்லை. அட கிறுக்கச்சி, வீட்டுக்கு வந்து சோறு எதில் தின்பாய்? அதோடு போன வாரம் அந்த மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தபோது எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகளாக இருந்தார்கள், ஒருத்தி மூக்கில் ரத்தம் வடிய வடியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரிக்க எந்த வயசில் ஆரம்பிக்க வேண்டும்? அடி வாங்குவது பயமில்லை. பஞ்சவர்ணம் அடி வாங்கியவள்தான், பள்ளிக்கூடத்தில், அப்பன் வீட்டில், ஏன், கல்யாணமான புதுசில் ஒரு தரம் தனுஷ்கோடியிடமும். சந்தில் வந்தவன் அடித்திருந்தால் அவளுக்குத் தெரியும் என்ன செய்வதென்று, அழுதிருப்பாள், கத்தியிருப்பாள். அவன் அடிக்கவில்லையே! கேட்டான். கேட்டவனை எந்தக் கையால் குத்துவது, எந்தக் கம்பால் தட்டுவது, எந்த நோட்டீஸில் அது போட்டிருக்கிறது? இறங்க வேண்டுமானால் மடியில் பை இருக்கிறது. பைக்காரி செல்போனில் யாரையோ வைதுகொண்டிருந்தாள். யம்மா, ஒங்க பைய வாங்கிக்கங்க என்று சொல்ல எத்தனை வார்த்தை? நாலு வார்த்தை. நாலையும் மனசுக்குள் வரிசையாக அடுக்கி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நீல வெளிச்சமும் போய்விட்டது.

அப்படியானால் பெரியார் வரைக்கும் போய், அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டு, இதே பஸ்ஸில் திரும்ப ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாளைக்கு மேனேஜரிடம் என்ன சொல்வது? நின்னுக்கிறேன் சார். ஏன்? வீட்டுல சொல்லிட்டாங்க சார். அவர் சரி என்பார். பத்தொன்பது வருசத்துக்கு ஒரு சரி. அப்புறம் வீடு. காய்கறிக்காரன் வந்து வாங்குங்க என்பான், வாங்குவாள். பக்கத்து வீட்டுக்காரி சாவியைப் பாத்துக்கங்க என்பாள், பார்த்துக்கொள்வாள். சந்து அங்கேயே இருக்கும். வீட்டுக்குள் இருந்துகொண்டே அந்தச் சந்தைப் பார்த்துப் பயப்படுவாள். கீழவாசல் சிக்னலில் பஸ் நின்று நின்று போனது. பைக்காரி குனிந்து பையைத் தூக்கிக்கொண்டு, "எறங்குறீங்களா? எந்திரிங்க, எந்திரிங்க, எறங்குங்க, ஸ்டாப்பு போயிரும்" என்று முழங்கையால் தள்ளினாள். பஞ்சவர்ணம் எழுந்தாள். எழுந்தவளைப் பின்னால் வந்தவள் தள்ள, அவளை இன்னொருத்தி தள்ள, படியில் இறங்கி, தரையில் நின்று, பஸ் போன பிறகுதான் தெரிந்தது, கீழவாசல். இத்தனை நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்ட கேள்விக்கு விடை இப்படித்தான் கிடைத்தது: ஒருத்தி இறங்கு என்றாள், இறங்கிவிட்டாள். வெட்கக்கேடு. எந்த மண்ணாங்கட்டி வித்தையையும் கற்கத் தகுதி இல்லாதவள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் கால் மண்டபத்துப் பக்கம்தான் நடந்தது, திரும்ப பஸ் பிடிக்க ரோட்டைக் கடக்கப் பயமாக இருந்ததால்.

மூன்று மாடி. படியெல்லாம் பழைய சாம்பார் வாசனை. மேலே பொம்பளைகள் பதினஞ்சு பேர் வரிசையாக நின்று கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு மூன்று பேருக்கு நரைத்திருந்தது. ஒருத்தி குண்டு, பஞ்சவர்ணத்தைவிடக் குண்டு, அதைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவள்தான் மாஸ்டர், ரஹ்மத் நிஷா என்று நோட்டீஸில் போட்டிருந்த பெயர். முப்பது வயசு இருக்கும், தலையில் வெள்ளைத் துணி, இடுப்பில் கறுப்பு பெல்ட், சளி பிடித்த குரல். "வாங்கக்கா. புதுசா? செருப்ப அங்கிட்டு விட்டுருங்க. ஃபாரம் அப்புறம் எழுதலாம், மொதல்ல நகை. காதுல, கையில, கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது, கழட்டி இதுல போட்டுருங்க." ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தள்ளினாள். உள்ளே ஏற்கெனவே வளையலும் தோடும் கிடந்தன. பஞ்சவர்ணத்தின் கை, அதற்கென்ன, சொன்னவுடன் ஓடுகிற கை, தோட்டைக் கழட்டியது, வளையலைக் கழட்டியது, வளையலுக்குள் செருகியிருந்த பஸ் சீட்டு கீழே விழுந்தது, தோட்டின் திருகைத் தோட்டிலேயே மாட்டி டப்பாவின் ஓரத்தில் ஜோடியாக வைத்தது. பிறகு பிடரிக்குப் போனது. கொக்கி இல்லை. கயிறுதானே, முடிச்சுத்தான். கை ஒரு நொடி தேடிவிட்டு, கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துத் தலைவழியாகத் தூக்கியது. மஞ்சள் கிழங்கு தாடையைத் தாண்டி மூக்கு வரைக்கும் வந்தது. மஞ்சள் வாசனை. மிளகாய் நெடி. யக்கா, அதக் கழட்டுங்க. கயிறு காதில் மாட்டிக்கொண்டு நின்றது. கை நின்றது. அந்தக் கிழங்கு ஒன்றும் தங்கம் இல்லை, சந்தையில் கூறு போட்டு விற்கிற கிழங்கு, கழட்டினால் ஒன்றும் முழுகிப் போகாது, சாமி கண்ணைக் குத்தும் என்று நினைக்கிற ஆளும் இல்லை அவள். அப்போது இதில் எதையும் அவள் நினைக்கவும் இல்லை. நினைப்பு எப்போதும் போலப் பின்னால்தான் வந்தது. முன்னால் வந்தது சத்தம்.

"மாட்டேன்."

எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை உதறிக்கொண்டிருந்த பதினஞ்சு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆள்கூடப் பார்த்தான். மாஸ்டர் பேனாவை வைத்தாள். "என்னக்கா?" "மாட்டேன்னேன். இதக் கழட்ட மாட்டேன்." கை கயிற்றைக் காதிலிருந்து எடுத்து, கீழே இறக்கி, கழுத்தில் விட்டுவிட்டது. இப்போது விரட்டுவார்கள், போ என்பார்கள், போய்விடுவாள். மாஸ்டர் மூக்கை உறிஞ்சினாள். "சரி, வேணாம். வெளிய தொங்குனா யார் கையாவது மாட்டி இழுத்துரும்னுதான் சொன்னேன். ஊக்கு இருக்கா? உள்ள தள்ளிக் குத்திக்கங்க." அவ்வளவுதானா? வானம் இடிந்து விழவில்லையா? மாட்டேன் என்றால் சரி வேணாம் என்பார்களா? பத்தொன்பது வருசமாக இதை ஒருத்தரும் சொல்லவில்லையே! ஜவுளிக்கடைக்காரிக்கு ஊக்குக்கா பஞ்சம், ஜாக்கெட்டிலேயே நாலு குத்தியிருக்கும். ஒன்றை எடுத்துக் குத்திக்கொண்டாள். ரெண்டு தரம் தவறி நெஞ்சில் குத்தியது. மாஸ்டர் அந்தப் புது மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "செயின அறுத்துட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான்தான் கழட்டிக் குடுத்தேன்."

சொல்லிவிட்டாள். யாரிடம்? பேரைக்கூட நோட்டீஸில் படித்துத் தெரிந்துகொண்ட ஒருத்தியிடம். இனிமேல் தனுஷ்கோடியிடமும் சொல்ல வேண்டும், இன்றைக்கே, சோறு போடும்போதே. அவன் வையட்டும். நாளைக்கு மேனேஜரிடம் மட்டும் நின்னுக்கிறேன் என்று சொல்ல மாட்டாள். மாஸ்டர் ம் என்றாள், மேஜையை விட்டு எழுந்தாள். "கடைசி வரிசையில நில்லுங்க." பஞ்சவர்ணம் அந்தக் குண்டுப் பொம்பளைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெயில் குடித்த தரை உள்ளங்காலைச் சுட்டது. முன்னால் போய் நின்ற மாஸ்டர், "புதுசா வந்தவங்க பாருங்க. மொதல்ல கைய மூடக் கத்துக்கணும். சுண்டு விரல்லேர்ந்து ஒண்ணொண்ணா மடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பஞ்சவர்ணத்திடம் வந்து குனிந்தாள். மாஸ்டர் சொல்வதற்கு முன்பே, எப்போது என்று தெரியாமல், ரெண்டு கையும் மூடித்தான் இருந்தன. "கட்டவெரல உள்ள வச்சிருக்கீங்கக்கா. அப்படிக் குத்துனா ஒடிஞ்சிரும். வெளிய எடுங்க." எடுத்தாள், மற்ற நாலு விரலையும் திறக்காமலே.